இலோனா என்ற பெயர்

1994 மாரியில், கனடாவில், என் மனைவி கர்ப்பமாக இருந்தாள். மகள் பிறந்தால், எங்களுக்கும் கனடியருக்கும் வாயில் நுழையும் பெயராக வைக்க விரும்பி, நூலகத்தில் தேடி 'இலோனா'வைக் கண்டெடுத்தேன். ஹெலன் என்ற கிரேக்கப் பெயரின் ஹங்கேரிய வடிவம் அது. ஒளி என்று பொருள் சொல்வார்கள். மில்லிக்கன் பகுதியில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த நண்பனுக்கு மட்டும் சொன்னேன். அவன் மனைவியும் அப்போது கர்ப்பமாக இருந்தாள்.

அவனுக்கு முதலில் மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் சடங்கில், குழந்தையின் காதில் "இலோனா" என்று மூன்று தரம் சொன்னான்.

"என்ன பேர் தம்பி உது?" என்று ஓர் அன்ரி கேட்டார்.

"சங்ககாலத் தமிழ்ப் பேர் அன்ரி. இளமை எண்டு கருத்து."

பெயரை எடுத்ததைவிட அந்தப் பொய்தான் என்னைச் சுட்டது. அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"கோவிக்காதேங்கோ அண்ணை," என்று சிரித்தான். "நீங்கள் நிறைய வாசிக்கிற ஆள். வேற ஒண்டு எடுப்பியள்தானே?"