குளிராத தரை

மகளுக்குக் குழந்தை பிறந்து, அவளும் மருமகனும் எங்களோடு வந்து இருக்கத் தொடங்கிய பிறகு என் நித்திரை போயிற்று. நான் இரவில் வான் ஓட்டுபவன். ஒரு பேக்கரியில் பாணை ஏற்றி, ஸ்காபரோவில் கடைகடையாக இறக்கிவிட்டு, மற்றவர்கள் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் மில்லிக்கனில் உள்ள வீட்டுக்கு வந்து படுப்பேன். நான் கண்ணை மூடும்வரை காத்திருந்தவன்போல அப்போதுதான் பேரன் கச்சேரியைத் தொடங்குவான். பச்சைப் பிள்ளையோடு சண்டை பிடிக்க முடியாது. பெரியவர்களோடு பிடித்துப் பார்த்தேன், அதனாலும் பலனில்லை. கடைசியில் விட்பி என்ற ஊரில் ஒருவர் விற்கப் போட்டிருந்த சின்ன காம்பிங் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். ஒரு கட்டில், ஒரு சிங்க், நடுவில் நான்கு எட்டு வைத்தால் முடிந்துவிடும் தரை. மனைவி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“குளிர் வந்தால் என்ன செய்யப்போறியள்?”

“வரட்டும், பாப்பம்,” என்றேன்.

வந்தது. நவம்பரில் ஒரு நாள் நித்திரையால் எழும்பித் தண்ணீர் குடிக்கக் கையை நீட்டினால், தரையில் வைத்த போத்தலுக்குள் ஐஸ் கிடந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தரை வெறும் மெல்லிய பலகை. அதற்குக் கீழே, சில்லுகளுக்கு நடுவில், காற்று தன் பாட்டுக்குப் போய் வரும். அந்தப் போத்தலைக் கண்ட பிறகுதான் தரைக்கு இன்சுலேஷன் போடவேண்டும் என்று முடிவெடுத்தேன். அதுவரை அந்தத் தரையில் நடந்து திரிந்த எனக்கு அது குளிர்வதாகவே தெரிந்திருக்கவில்லை. அதை நான் ஒரு பெரிய விஷயமாக எடுக்கவும் இல்லை.

எப்படிச் செய்வது என்று யூடியூபில் பார்த்தேன். எல்லாம் வெள்ளைக்காரர்கள். முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ட்ரெய்லருக்குள் தடதடவென்று நடக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் உறையாமல் இருந்தால் போதும். நாங்களோ செருப்போடு எந்த வாசலையும் தாண்டாத சனம், அந்த வாசலுக்குக் கீழே சில்லு இருந்தாலும்கூட. நான் படியிலேயே சப்பாத்தைக் கழற்றுவேன். பலகையில் வழுக்கும் என்று சொக்ஸையும் உருவி எறிந்துவிடுவேன். எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து கனகாலம். சீனி உள்ள ஆட்கள் வெறுங்காலோடு திரியக்கூடாது என்று மனைவி வாய் ஓயாமல் சொல்லுவாள். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அங்கே நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் இருப்பவர்களும் அவளுக்கு நோயாளிகளாகத்தான் தெரிகிறார்கள் என்று பகிடி விடுவேன்.

லீவு நாட்களில் வேலையைத் தொடங்கினேன். பழைய கார்ப்பெட்டைக் கிழித்தபோது எழும்பிய பூஞ்சண மணத்தில் சாப்பாடே வேண்டாம் என்றாகிவிட்டது. அதைப் பிடித்து வைத்திருந்த ஸ்டேப்பிள் கம்பிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டியிருந்தது. பிறகு ஃபோம் போர்டைக் கத்தியால் வெட்டி வெட்டி அடுக்கினேன். அதன் துகள் தேங்காய்ப்பூப்போல உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, தட்டத் தட்டப் போகாது. இடைவெளிகளுக்கு டேப் ஒட்டி, மேலே பிளைவூட் போட்டு ஸ்குரூ இறுக்கினேன். மருமகன் நல்ல பிள்ளை, உதவிக்கு வரட்டுமா என்று கேட்டார். “தம்பி, நீர் உம்மடை கொம்பியூட்டரைப் பாரும்,” என்று அனுப்பிவிட்டேன். என் தரையை நானே போடவேண்டும் என்ற தடிப்பு.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு மூலைமூலையாக நடந்து பார்த்தேன். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. உள்ளே, காலுக்குக் கீழே, குளிரென்ற பேச்சே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கதவைத் திறந்து வீட்டைப் பார்த்துக் கத்தி மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தேத்தண்ணியோடு வந்து, படியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். வைத்த வேகத்திலேயே தூக்கினாள்.

“ஐயோ! ஐஸ்போலக் கிடக்கு!”

“விசர்க்கதை கதையாதையும். வடிவாக் காலை வைத்துப் பாரும்.”

“வைச்சுத்தான் சொல்லுறன். உங்களுக்குக் குளிரேல்லையோ?”

“உமக்கு ஆடி மாதத்திலும் குளிரும்,” என்றேன்.

சத்தம் கேட்டு மகள் வந்தாள். அவளை நடுவராக்கினேன். சொக்ஸோடு இரண்டு அடி வைத்தாள். “அப்பா, ஆர் யூ சீரியஸ்? இட்ஸ் ஃப்ரீஸிங்!” என்று கட்டிலில் ஏறிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாட்கணக்காக முழங்காலில் நின்று வேலை செய்தவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல இந்த வீட்டில் ஆளில்லை என்று தொடங்கி, பழைய கணக்குகளையும் இழுத்துப் பேசிக்கொண்டு போனேன். மனைவி குந்தியிருந்து தரையைத் தடவிக்கொண்டே போய், சிங்குக்குக் கீழே கையை நிறுத்தினாள்.

“இஞ்ச பாருங்கோ. காத்து வருது.”

குழாய் இறங்கும் ஓட்டையை நான் அடைக்க மறந்திருந்தேன். குனிந்து கையை வைத்தேன். விரல்கள் சுரீரென்று விறைத்தன, கையை இழுத்துக்கொண்டேன். இவ்வளவு நேரமும் அந்த ஓட்டைக்கு முன்னால்தான் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். என் கால் அதே காற்றில் இருந்தது. கைக்குக் குளிர்ந்தது காலுக்கு ஏன் குளிரவில்லை? அந்தக் கேள்வி வந்த உடனேயே அதைத் தள்ளிவிடப் பார்த்தேன்.

“அப்பா, பிளட்,” என்றாள் மகள்.

புதுப் பிளைவூட்டில் அங்கங்கே சிவப்பாகப் பட்டிருந்தது. “ஆரோ காலை வெட்டிப்போட்டியள், பாருங்கோ,” என்றேன். மனைவி தன் உள்ளங்காலைப் பார்த்தாள். மகள் தன்னுடையதைப் பார்த்தாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு ஸ்டேப்பிள் கம்பி முழுதாக இறங்கியிருந்தது. அதோடுதான் மூலைமூலையாக நடந்திருக்கிறேன். மனைவி குறட்டை எடுத்து இழுத்தாள்.

“நோகேல்லையோ?”

“கொஞ்சம் நோகுது,” என்று பொய் சொன்னேன்.

எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. சில நாட்களுக்கு முன்னால் வானை வீட்டு முற்றத்துக்குள் திருப்பும்போது பிரேக் பிடிக்கக் கொஞ்சம் பிந்தி, வாசலில் நின்ற நீலக் குப்பைத் தொட்டியை நசுக்கியிருந்தேன். ஈர இலை வழுக்கியது என்று எல்லோருக்கும் சொன்னேன். எனக்கும் அப்படியேதான் சொல்லி வைத்திருந்தேன். இப்போது அந்த இலை எனக்கு உதவவில்லை. எந்தக் காலால் பிரேக்கை மிதிக்கிறேனோ அந்தக் கால்தான் மனைவியின் கையில் இருந்தது. விடியற்காலை பஸ் தரிப்பிடங்களில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கும் சனம் என் கண்ணுக்குள் வந்தது. ஒவ்வொரு நாளும் அவர்களை உரசுவதுபோலத்தான் நான் போய்வருகிறேன்.

மகளும் அதையேதான் நினைத்திருக்கவேண்டும். ஜன்னலுக்கு வெளியே நின்ற வானைப் பார்த்துவிட்டு, “அப்பா, இண்டைக்கு வேலைக்குப் போகாதேங்கோ, ப்ளீஸ்,” என்றாள்.

“இந்தக் கம்பிக்கு லீவு எடுக்கிற ஆளோ நான்?” என்று சீறினேன். பயத்தில் வந்த சீற்றம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஓட்டுவதுதான். அது இல்லையென்றால் வீட்டில் இன்னொரு கைக்குழந்தையாக இருக்கவேண்டியதுதான். வீட்டுக்குள் பேரன் அழும் சத்தம் கேட்டு மகள் எழும்பிப் போனாள்.

மனைவி காயத்தைத் துடைத்துக் கட்டினாள். பிறகு என் எதிரே தரையில், அந்தக் குளிரிலேயே, சம்மணம் போட்டு இருந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்கை சொல்லுங்கோ.”

“நான் என்ன உம்மடை இல்லத்தில இருக்கிற கிழவனோ?”

“மூடுங்கோ.”

மூடினேன். எப்படியும் இதில் தோற்கக்கூடாது என்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுக் கவனத்தையும் காலுக்கு அனுப்பினேன். அவள் தொட்ட கணமே சொல்லிவிடவேண்டும். ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் பேரன் அழுகையை நிறுத்தினான். இவள் இன்னும் தொடங்கவில்லை. சீண்டுகிறாள், வேண்டுமென்றே காக்கவைக்கிறாள் என்று நினைத்தேன். பொறுமை போய்விட்டது.

“தொடுமன். என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீர்?”

கண்ணைத் திறந்தேன். அவள் தலை குனிந்திருந்தாள். அவளுடைய கட்டைவிரல் நகம் என் பெருவிரலில் புதைந்திருந்தது. நகத்தைச் சுற்றிச் சதை வெளுத்துப் போயிருந்தது. அவள் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.