மெத்தைக்காரர் புடென்ஸ்

வைக்கோலை உள்ளங்கையில் நசுக்கிப் பார்க்கிறார் புடென்ஸ். ஈரம் தட்டினால் தூக்கி எறிந்துவிடுவார். "காயாத வைக்கோலு மெத்த இல்லய்யா, செங்கல்லு." அடைத்துத் தைத்த பிறகும் முஷ்டியால் அங்கங்கே குத்துவார். கட்டி தட்டுப்பட்டால் தையலைப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

ரோமாபுரி அரங்கில் கயிற்றின்மேல் நடப்பவர்களுக்குக் கீழே மெத்தை பரப்புவது அவர் வேலை. முன்பு இப்படி ஒரு வேலையே இல்லை. கயிறாடிய சிறுவர்கள் விழுந்த பிறகு பேரரசர் மார்க்கஸ் போட்ட உத்தரவு அது.

கூட்டத்துக்கு மெத்தை பிடிக்காது. "யோவ் புடென்ஸ், தலகாணி எங்க?" என்று கத்துவார்கள்.

"ஒன் மாமியாருக்குக் குடுத்தனுப்பினேனே, வந்து சேரலியா?"

பேரரசரைக் கேலி செய்தால் மட்டும் சிரிக்கமாட்டார். விளையாட்டு நடக்கும்போதே மனுக்களைப் படிப்பவர் என்று அவரை ஊரே கிண்டல் செய்யும். "படிக்கட்டுமே! ஒன் மனுவும் அதுலதான கெடக்கும்? போருக்குப் பணம் இல்லன்னதும் ஒம் மேல வரி போட்டாரா? அரண்மனச் சாமானத்தான வித்தாரு?"

பேரரசர் தத்துவமும் படித்தவராயிற்றே, அதைப் பற்றி ஒருநாள் புடென்ஸிடம் கேட்டேன்.

"அதெல்லாம் கிரேக்க பாஷயில பேசுவாங்க. எனக்குப் புரிஞ்சது இந்த மெத்ததான்."

பேரரசர் வடக்கே டான்யூப் கரையில் போரில் இருந்த சமயம். விழா நடத்தும் அதிகாரியின் காரியஸ்தர் அரங்குக்குள் வந்தார். "கூட்டம் கொட்டாவி விடுது. மெத்தைய எடு. ராசா எங்கயோ ஆத்தங்கரையில இருக்காரு, யாரு பாக்கப்போறா?"

"நான் பாக்கறேனே, ஐயா."

மேலே கம்பத்தில் கயிறாடும் தாலூசா தயாராக நின்றாள். காய்ச்சலில் ஒரு மாதம் கிடந்து எழுந்தவள். அடிமைப் பெண். நடக்கமாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

ஆட்கள் பதினோரு மெத்தைகளை இழுத்துப் போனார்கள். பன்னிரண்டாவதன்மேல் புடென்ஸ் உட்கார்ந்துகொண்டார். "கெழம் அதுலயே தூங்கட்டும், விடுங்கடா" என்று சிரித்தார் காரியஸ்தர்.

தாலூசா கயிற்றில் கால் வைத்தாள். புடென்ஸ் எழுந்து மெத்தையின் ஒரு பக்கத்து இரண்டு மூலைகளையும் பற்றினார். அண்ணாந்தபடியே பின்னோக்கி நடந்தார். அவள் ஓரடி வைத்தால் இவர் ஓரடி இழுத்தார். அவள் தள்ளாடி நின்றால் இவரும் நின்றார். "ஒத்த மெத்தையில எப்படிடா விழுவா?" என்று முதலில் ஒருவன் கத்தினான். பாதிக் கயிறு தாண்டியபோது யாரும் கத்தவில்லை.

எதிர்க் கம்பத்தை அவள் தொட்டுவிட்டாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. புடென்ஸ் ஏணியின் அடிவரை இன்னும் இழுத்துக்கொண்டே வந்தார். ஏணியில் இறங்கிய தாலூசா முதல் காலை மெத்தையின்மேல் வைத்த பிறகுதான் மூலைகளை விட்டார்.