நிலாவுக்குப் போகும் ரிக் வண்டியும் என் வெறுங்காலும்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் நிலா தலைகீழாக இருக்கிறது. நம் ஊரில் பார்த்த அதே முயல்தான், இங்கே காதைக் கீழே தொங்கவிட்டுக் கிடக்கிறது. வந்த புதிதில் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். "நாம பூமிக்கு அடிப்பக்கம் வந்துட்டமுங்கப்பா, அதான்" என்றாள் மகள் கோமதி. அவளுக்கு இங்கே வேலையே நிலாதான். மனிதர்களையும் எந்திரங்களையும் மறுபடி நிலாவுக்கு அனுப்பத் திட்டம் போடுகிறார்கள் அல்லவா, அதற்காக அங்கே துளை போட்டு, மண்ணுக்கடியில் பனிக்கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் ரோபோவை அவள் குழு செய்துகொண்டிருந்தது.

திருச்செங்கோட்டுக்காரன் மகள் துளை போடாமல் வேறென்ன செய்வாள்? நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில், துளையிடும் ராடு தூக்கும் ஆளாக ஏறினேன், அதே வண்டிக்கு முதலாளியாகி இறங்கினேன். இந்தியாவில் நான் போர் போடாத மாநிலம் குறைவு. அதனால் மகள் திட்டத்தைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "மொதல்ல மெஷின் போயித் தண்ணி பாக்கும், அப்பறந்தான் ஆளுக போயித் தங்குவாங்க" என்றாள். "இத நம்மூர்ல யாரக் கேட்டாலும் சொல்லியிருப்பாங்களே கண்ணு. போரு போட்டுத் தண்ணியப் பாத்துட்டுத்தான நாம ஊடு கட்டறம்?" என்றேன். "காத்தில்லாத எடத்துல உங்க கம்ப்ரசர் ஓடாதுங்கப்பா" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

போன மாதம் கடைசிச் சோதனை. இரண்டு குழுக்கள் ரோபோ செய்திருந்தன. ஒன்றுதான் நிலாவுக்குப் போகும். குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்றார்கள். அதற்கென்றே மகள் எனக்கு இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் வாங்கித் தந்தாள். ஊருக்கு வெளியே செம்மண் பூமியில் ஒரு பெரிய கொட்டகை. உள்ளே தொட்டி நிறைய வெள்ளைச் சாம்பல் நிறத்தில் மண். நிலா மண் மாதிரி கல்லை அரைத்துச் செய்தது. "நம்ம சித்தம்பூண்டிப் பக்கத்துக் கல்லும் இதே சாதிதானுங்க" என்றாள் கோமதி. அந்தக் கல் என்னிடம் ராடு முனையில் மாட்டும் எத்தனை பிட்டைத் தின்றிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

ரோபோ துளை போட ஆரம்பித்தது. ராடு மண்ணைத் தொட்டதும் என் கால் தானாக பூட்ஸை உதறிவிட்டது. எங்கள் தொழிலில் அது வழக்கம். பூசை போட்டு பிட்டு மண்ணில் இறங்கும்போது தோட்டத்துக்காரரும் சரி, ரிக் முதலாளியும் சரி, செருப்போடு நிற்க மாட்டோம். முப்பது வருடப் பழக்கம் கேட்டுக்கொண்டா வரும்? தொட்டியோரம் சிந்திக் கிடந்த தூளில் வெறுங்காலோடு நின்று கும்பிட்டேன்.

பாதுகாப்பு அதிகாரி ஷேன் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினான். எல்லாம் நின்றுபோனது. காலில் அடிபட்டுவிட்டதா என்று குனிந்து பார்த்தான். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ரெஸ்பெக்ட், ரெஸ்பெக்ட்" என்றேன். மரியாதையாகப் பேசச் சொல்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, "சாரி சார்" என்று விறைத்து நின்றான். எனக்கு அவனைவிட அந்த ராடுதான் பெரிய கவலை. பொடிமண்ணில் பாதியில் வண்டியை நிறுத்தினால் பக்கவாட்டு மண் சரிந்து ராடைக் கவ்விக்கொள்ளும். அப்படி மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்த ராடுகள் எனக்கும் உண்டு. கோமதி என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அவள் காது மட்டும் சிவந்திருந்தது.

பூட்ஸை மாட்டியதும் பொத்தானை விடுவித்தார்கள். ரோபோ கீழே இறங்கவில்லை. எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருகி, கொஞ்சம் மேலே வந்து, ராடை உதறிக்கொண்டு, பிறகு மறுபடி இறங்கியது. தேர்வு செய்ய வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெலாவுல நடுவால நின்னுபோனா தானாத் தப்பிச்சுக்கோணும்னு சொல்லிக் குடுத்திருந்தமுங்க. ஆனா இன்னைக்கி அத ஓட்டிக் காட்டற எண்ணமே இல்ல" என்று கோமதி வெளியே வந்துதான் சொன்னாள். அதைப் பார்த்துத்தான் அவள் ரோபோவைத் தேர்ந்தெடுத்தார்களாம்.

"அப்பப் பாஸ் பண்ணி உட்டது நானு" என்றேன்.

"நீங்கதானுங்க. தயவுசெஞ்சு அடுத்த சோதனைக்கு ஊட்லயே இருங்க" என்று சொல்லிச் சிரித்தாள்.

மல்லசமுத்திரத்தில் இருக்கும் என் பழைய கூட்டாளி பழனியப்பனுக்குக் காரில் திரும்பும்போதே ஸ்பீக்கரில் போன் போட்டேன். "நெலாவுக்குப் போற ரிக்கு நம்மூட்டுதப்பா" என்றேன். அவன் அசரவில்லை. "அதெல்லாஞ் செரி, அங்க தண்ணி வந்தா மோட்டாருக்குக் கரண்டு சர்வீசு எந்த ஆபீசுல எழுதிக் குடுப்பே?" என்றான். கோமதி வண்டி ஓட்டிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள்.

வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். அதன் வெளிப்பக்கமெல்லாம் இந்த நாட்டுச் செம்மண் அப்பியிருந்தது. உள்ளே, என் பாதத்தில், நம்மூர்க் கல் சாதியான அந்த வெள்ளைக்கல் தூள். கழுவ மனம் வராமல் வாசற்படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.