எண்ணெய்க் குப்பியோடு வந்தவர்

இலங்கையில் கந்தப்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து பறித்த காலத்தில், டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்க ஓர் ஐயா இருந்தார். ஒல்லியான மனிதர், முகத்தில் சிரிப்பே இருக்காது. மாத்திரையைத் தன் எதிரிலேயே விழுங்கச் சொல்லி, வாயைத் திறக்க வைத்துப் பார்ப்பார். எங்களை எப்படியாவது மலைக்கு, கொழுந்து பறிக்கத் திருப்பி அனுப்பத் தோட்டத்துத் துரை வைத்த ஆள் என்றே நினைத்தோம்.

ஒரு மழைக்காலத்தில் கூடை சுமந்து என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாத்திரை போட்டால் மத்தியானம் வரை தாங்கும், பிறகு நிமிர முடியாது. துணிந்து கேட்டேன்.

"மாத்திரை வேணாங்க ஐயா. ரெண்டு நாள் லீவு குடுங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எங்க, குனி பாப்போம்."

பாதிகூடக் குனிய முடியவில்லை.

"சரி, ரெண்டு நாள் வீட்ல படு. ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. தூக்கினேன்னு தெரிஞ்சா லீவு கெடையாது."

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குடத்தை நிரப்பித் திரும்பினால், எதிரே மருந்து ஐயா நின்றார்.

"தூக்க ஆளில்லீங்க ஐயா."

அவர் குடத்தை வாங்கி, நாங்கள் குடியிருந்த லயத்து வாசல்வரை சுமந்து வந்து வைத்தார். பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"சூடு காட்டித் தேயி. யாருகிட்டயும் சொல்லாத."

"துரை ஆளு குடுத்தத தேய்க்காத" என்றார் சாயந்திரம் வந்த வீட்டுக்காரர். நான் தேய்த்தேன். வலி குறைந்தது, லீவையும் யாரும் வெட்டவில்லை.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. எண்ணெய் கொடுக்க வந்தவர் நேரே வீட்டுக்கு வராமல் பீலியடியில் ஏன் நின்றார்? நான் குடம் தூக்குகிறேனா என்று வேவு பார்க்கவா?