ஒரு சிப்பம் புழுங்கல் அரிசி

எனக்கு ரத்தப் புற்றுநோய் முதல் முறை வந்தபோது சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவே திரண்டு வந்து சாத்துக்குடி கொடுத்தது. இரண்டாம் முறை வந்தபோது ஒருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதிர் வீட்டில் ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். "சரியாயிடுச்சுன்னீங்களே சார்?" என்று அவர் கேட்ட தோரணையில், பாஸ் போட்டு அனுப்பிய பையன் மறுபடி அதே வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்ட எரிச்சல் இருந்தது. எனக்கும் எரிச்சல்தான். யாரிடம் காட்டுவது? மனைவியிடம் காட்டினேன். அவள் அதை ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்தாள். பதினோரு வருடமாக எங்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இந்த முறை மருந்து மட்டும் போதாது என்றார் டாக்டர். கதிர்வீச்சு கொடுத்து, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை நல்லது கெட்டது பார்க்காமல் துடைத்துவிடுவார்கள். பிறகு பெருங்களத்தூரில் இருக்கும் என் அக்காவின் ஸ்டெம் செல்களை ஏற்றுவார்கள். அவை என் எலும்புக்குள் குடியேறினால் நான் பிழைப்பேன். குடியேறாவிட்டால் திரும்பிப் போக வழியில்லை, பழைய வீட்டைத்தான் இடித்தாயிற்றே.

"அண்ணி செல் ஏறினா இவருக்கு அண்ணி குணமும் வந்துடுமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

கதிர்வீச்சுக்குக் கணக்குப் போட்டுத் தருகிறவரை பிசிசிஸ்ட் என்று அழைத்தார்கள். இருபத்தாறு வயது இருக்கும். என்னைப் படுக்கவைத்து, ஸ்கேலும் மார்க்கர் பேனாவுமாகக் கழுத்து, தோள், வயிறு, தொடை, கணுக்கால் வரை அளவெடுத்தார். கல்யாண சூட்டுக்குக்கூட என்னை யாரும் அவ்வளவு சிரத்தையாக அளந்ததில்லை. நுரையீரல் இருக்கும் இடத்தைக் கட்டம் போட்டுக் குறித்தார். அங்கே கதிர் அதிகம் பாயக் கூடாது, ஈயக்கட்டி வைத்து மறைப்பார்களாம். எல்லாம் முடிந்ததும், "சார், ஒரு சிப்பம் அரிசி கொண்டு வந்துடுங்க. இருபத்தஞ்சு கிலோ" என்றார்.

"எதுக்கு?"

"உங்க மேல வைக்கறதுக்கு."

நான் முறைத்ததைப் பார்த்து விளக்கினார். மனித உடம்பு வயிற்றருகே தடிமன், கழுத்தும் காலும் மெலிசு. மெலிந்த இடத்தில் கதிர் கூடுதலாகப் பாய்ந்துவிடும். அதனால் பள்ளமான இடங்களில் எல்லாம் அரிசிப் பைகளை அடுக்கி உடம்பை ஒரே கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கதிருக்கு அரிசியும் சதையும் ஏறக்குறைய ஒன்றுதானாம்.

"கழுத்தை என் வயித்து அளவுக்குக் கொண்டு வரணும்னா ஒரு சிப்பம் பத்தாதே தம்பி."

"உங்க வயித்தப் பாத்துட்டுதான் சார் ஒரு சிப்பம்னு சொன்னேன்."

ஏரிக்கரைப் பக்கம் இருந்த டெய்லரிடம் காடாத் துணியையும் அளவுச் சீட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினான்கு பைகள், ஒவ்வொன்றும் ஒரு அளவு. அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, பதினாலு சைஸ்ல தலகாணி? வூட்ல பதினாலு கொயந்த கீதா?"

"எல்லாம் எனக்குத்தாம்பா."

"பேஜாரா கீதே சார்" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் தைத்துக் கொடுத்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

அரிசி கொண்டுபோன நாளில்தான் வம்பு வந்தது. மனைவி தாம்பரம் மார்க்கெட்டில் புழுங்கல் அரிசி வாங்கி வந்திருந்தாள். அக்காவோ தம்பிக்குத் தன் பங்காக இருக்கட்டும் என்று, முதல் தரப் பச்சரிசி ஒரு சிப்பத்தோடு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். உயிரணுவே தரப் போகிறவள் அரிசி தரக் கூடாதா என்பது அவள் நியாயம்.

"பச்சரிசி வேண்டாம் அண்ணி."

"ஏன்? புழுங்கல்ல வண்டு இருக்கும். இதப் பாரு, ஒரு கல்லு கிடையாது."

"வேண்டாம்னா வேண்டாம்."

"சோறா வடிக்கப் போறோம்? அவன் மேலதானே வைக்கப் போறாங்க?"

"அதனாலதான் வேண்டாங்கறேன்!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. "ஏதாவது ஒண்ண வெச்சுத் தொலைங்களேன்!" என்று கத்தினேன். கத்தும்போதுதான் மனைவியின் கண்களைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று புரிந்தது. மல்லாந்து கிடக்கிற ஆள், கழுத்துவரை பச்சரிசி, சுற்றி நிற்கிற சொந்தக்காரர்கள். வாய்க்கரிசி. செத்தவன் வாயில் கடைசியாகப் போடுகிற அரிசி. எங்கள் பக்கத்தில் அது தினசரித் திட்டு, அதனால் அக்காவுக்கு உறைக்கவே இல்லை. என் மனைவி பிறந்த வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. சொன்னால் பலித்துவிடும் என்று பயந்து அவள் சொல்லாமல் நின்றாள். சொல்லாமல் எப்படிப் புரியவைப்பது?

பிசிசிஸ்ட் இரண்டு சிப்பங்களையும் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். "புழுங்கல்தான் மேடம் கரெக்ட். பச்சரிசில அந்த டென்சிட்டி வராது" என்றார். விஞ்ஞானமே தீர்ப்பு சொல்லிவிட்டது. அக்கா வந்த ஆட்டோவிலேயே சிப்பத்தைத் திருப்பி ஏற்றினாள்.

உள்ளே மேஜையில் படுத்ததும் கேட்டேன். "நிஜமாவா தம்பி?"

"எல்லா அரிசியும் அரிசிதான் சார். அசையாம படுங்க."

மூன்று நாள், காலையும் மாலையும். பைகளை அடுக்கி முடித்தால் நான் அரிசி மண்டியில் மாட்டிக்கொண்ட பெருச்சாளி மாதிரி இருப்பேன். எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திக்கொள்வார்கள். மெஷின் முனகும். வலியே கிடையாது. வலித்திருந்தால் தேவலை என்றிருந்தது. எனக்குள் ஒன்று அழிந்துகொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் மாலை, கழுத்துப் பையின் தையல் வழியாக ஒரு வண்டு வெளியே வந்தது. அக்கா சொன்னது சரி. அது தாடையில் ஏறி, உதட்டோரம் நின்று யோசித்துவிட்டு, மூக்கை நோக்கிக் கிளம்பியது.

"சார், மூக்கச் சுருக்காதீங்க" என்றது ஸ்பீக்கர்.

"வண்டு" என்றேன், உதடு அசையாமல்.

"என்ன சார்?"

"வ... ண்டு!"

"பேசாதீங்க சார். இன்னும் பன்னெண்டு நிமிஷம்தான்."

பன்னிரண்டு நிமிடமும் அது என் முகத்தில் வாக்கிங் போனது. எனக்கு விழுந்த கதிர் அதற்கும்தான் விழுந்தது. அது சட்டையே செய்யவில்லை. அந்த ஜந்துவின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

கடைசி நாள், அரிசியை என்ன செய்வதென்று பேச்சு வந்தது. கதிர் அரிசியில் தங்காது, தாராளமாகச் சமைக்கலாம் என்றார் பிசிசிஸ்ட். "கோயில் அன்னதானத்துக்குக் குடுத்துடலாமா?" என்றாள் அக்கா. "எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிக் குடுப்பீங்க?" என்றாள் மனைவி. அதற்குள் என்னைத் தனியறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்காவின் செல்கள் ஒரு பையில் வந்து, சாதாரண டிரிப்ஸ் மாதிரி இறங்கி முடிந்தன. அதன் பிறகு காத்திருப்புதான். வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது. தினமும் ரத்தம் எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. மாலையில் மனைவியும் அக்காவும் கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பார்கள். அக்கா அப்போது எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். நான் எலும்பாகிக்கொண்டிருக்க, அவர்கள் இருவரும் வாரத்துக்கு வாரம் பூரித்துக்கொண்டே போனார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் இன்டர்காமில் கேட்டுவிட்டேன்.

"நான் இங்க சாகக் கெடக்கேன். நீங்க அங்க டெய்லி விருந்து சாப்பிடறீங்களா?"

ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தருகிறவள் இதற்கு ஒன்றுகூடத் தரவில்லை. டாக்டர் என்னிடம் சொல்லாத எதையோ அவளிடம் சொல்லிவிட்டார் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. டாக்டர் சொன்னதும் நர்ஸ் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன். மேலும் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சிட்லபாக்கம் வீட்டில் சமையலறை அலமாரியில் காடாப் பைகள் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அரிசி எங்க?"

"சாப்ட்டாச்சு" என்றாள் மனைவி.

"யாரு?"

"நானும் அண்ணியும்."

"இருபத்தஞ்சு கிலோவையுமா?"

"காலைல இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை."

"போதும் போதும்னு ஆயிடுச்சுடா" என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பைத்தியமா உங்களுக்கு? ஏரில கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாமே?"

அக்கா சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். வராந்தாவில் புரியாதது அவளுக்கு எப்போதோ புரிந்திருந்தது. மனைவிதான் பேசினாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

"உங்க மேல வெச்ச அரிசி. எங்க கொட்டினாலும் அது உங்க வாய்க்கரிசியாத்தான் கெடக்கும். அதான் தின்னு தீர்த்தோம். இப்ப உங்க வாய்ல போட ஒரு மணிகூட மிச்சமில்ல."