ஏப்ரனில் விழுந்த எலுமிச்சம் சாதம்

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து இரண்டாவது கோடைக்காலம் அது. வால்டோர்ஃபில் என் கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. மகளுக்கு அப்போது ஆறு வயது. எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு பழைய பிரபுவின் பண்ணை இருக்கிறது. மாளிகை, குதிரை லாயம், சமையற்கட்டு, சலவைக்கூடம் எல்லாம் இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். கோடைக்கால ஞாயிறுகளில் தன்னார்வலர்கள் அந்தக் காலத்து உடை அணிந்து, அந்தக் காலத்து வேலைகளைப் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டுவார்கள். அந்தக் கோடையில் அந்தக் கூட்டத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம்.

சரித்திரத்தின் மேல் இருந்த ஆசையால் நாங்கள் அங்கே போகவில்லை. மகளுக்காகப் போனோம். பள்ளியில் சேர்ந்து எட்டு மாதமாகியும் அவள் வீட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை ஜெர்மன் பேசியதில்லை. வீட்டில் பொம்மைகளோடு சரளமாகப் பேசுவாள். வகுப்பில் தலையாட்டல் மட்டும்தான். "அவசரப்படாதீர்கள்" என்றார் ஆசிரியை. அவசரப்படாமல் இருப்பது எனக்கு வராது. நாம் இங்கே வந்ததே தப்போ, வீட்டில் தமிழ் மட்டும் பேசியது தப்போ என்று தினமும் ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளி முடிந்த பின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். சின்ன வயதிலேயே பெற்றோரோடு ஜெர்மனிக்கு வந்து, இங்கேயே படித்து வளர்ந்தவர். அந்தப் பண்ணையில் தன்னார்வலரும்கூட. அவர்தான் ஒருநாள் சொன்னார்: "தங்கச்சி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என்னோட ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. அங்க ஒருத்தரும் அவவைக் கதை கதை எண்டு கரைச்சல் படுத்தமாட்டினம். வேலை குடுப்பினம். அவ்வளவுதான்." அவர் பேச்சில் "கதை" என்றால் பேசு, "கரைச்சல்" என்றால் தொல்லை.

எனக்கு அதிலும் ஒரு சந்தேகம். நம் ஊர் மலை பங்களாக்களில் மாட்டியிருக்கும் பழைய போட்டோக்கள் நினைவுக்கு வந்தன. துரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நம் ஆட்கள் பின்னால் தட்டோடு நிற்பார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன்: "அக்கா, எங்களை வேலைக்காரங்களா நிக்க வைப்பாங்களா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஓம், நிக்க வைப்பினம்தான். ஆனா இஞ்ச எல்லாருமே வேலைக்காரர்தான். எங்கட பிரபு ஆரெண்டு நினைக்கிறீங்கள்? கிழமையில பஸ் ஓட்டுறவர். சாணி அள்ளுறவர் பெரிய வக்கீல்."

போய்ப் பார்த்தபோது அது அப்படியே உண்மையாக இருந்தது. அந்த வக்கீல் காலை ஏழரைக்கே வந்து, முழங்கால் வரை சேற்றோடு லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் ஏவவில்லை. மாலையில் கடைசிப் பார்வையாளர் போன பின், பிரபு பொய்முடியைக் கழற்றி வைத்துவிட்டு அண்டா கழுவ வந்தார். எந்தச் சம்பளமும் இல்லாத வேலையை இவ்வளவு சிரத்தையாகச் செய்யும் மனிதர்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கண்டிப்பும் அதே அளவுக்கு இருந்தது. உடைகளுக்குப் பொறுப்பாக ஒரு பெண்மணி இருந்தார். வார நாட்களில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஊசியும் நூலும். ஜிப், எலாஸ்டிக் எதுவும் கூடாது. கைக்கடிகாரம் கூடாது. முதல் நாள் என் நகப்பூச்சைப் பார்த்ததும் பஞ்சையும், அதை அழிக்கும் திரவப் பாட்டிலையும் நீட்டினார். என் கணவர் விறகு பிளந்து கையெல்லாம் கொப்புளத்தோடு வந்து, "என் மேனேஜர்கூட இவ்ளோ ஸ்ட்ரிக்ட் இல்லம்மா" என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் எழுந்து கிளம்பி நின்றவரும் அவர்தான்.

அங்கிருந்த குழந்தை உடைகள் எதுவும் என் மகளுக்குப் பொருந்தவில்லை. அவள் அத்தனை ஒல்லி. அந்தப் பெண்மணி டேப்பால் அவளை அளந்து போனார். மூன்று வாரம் கழித்து நீலப் பாவாடை ஒன்றும், வெள்ளை லினன் ஏப்ரன் ஒன்றும் கொண்டுவந்தார். மெஷின் படாமல் எல்லாமே கைத்தையல். ஏப்ரனின் இடுப்பில் விரல் நுனி அகலத்துக்குச் சின்னச் சின்னக் கொசுவங்கள். மகள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். அன்றே அவளுக்கு ஒரு வேலையும் தரப்பட்டது. அடுத்த ஞாயிறு பிற்பகல் மணி அடித்ததும் முற்றத்தில் நின்று, பாவாடையின் இரு ஓரங்களையும் கையால் பிடித்து, முழங்காலை மடித்து வணங்கி, "வணக்கம், எங்கள் பண்ணைக்கு வாருங்கள்" என்று ஜெர்மனில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்.

"மாட்டேன்" என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சரியென்று தலையாட்டினாள். அன்றிலிருந்து குளிக்கும்போதும் தலை பின்னும்போதும் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகினாள். எட்டு மாதத்தில் முதல்முறையாக வெளியாட்களிடம் பேச அவளே சம்மதித்திருந்தாள். அந்த ஞாயிறுக்கு நான்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. சமையற்கட்டில் மதியத்துக்குக் கறி போட்ட சூப். மகள் தொடமாட்டாள். பசியோடு நின்றால் பேச்சு எப்படி வரும் என்று நான் வீட்டிலிருந்தே எலுமிச்சம் சாதம் கொண்டுபோயிருந்தேன். வெளிச் சாப்பாடு சாப்பிடுவதானால் ஏப்ரனைக் கழற்றிவிட வேண்டும் என்பது அங்கே விதி. எனக்குத் தெரியாததல்ல. பின்னால் கட்டியிருந்த முடிச்சை மறுபடி அதே மாதிரி கட்ட வருமோ வராதோ என்று பயம்; நேரம் வேறு ஆகிக்கொண்டிருந்தது. நாலு வாய்தானே என்று சலவைக்கூடத்தின் பின்பக்கம் அவளை உட்காரவைத்து ஊட்டினேன்.

மூன்றாவது வாய் கொடுக்கும்போது முற்றத்து மணி அடித்தது. அவசரமாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கவளம் அப்படியே அவள் மடியில் விழுந்தது.

மஞ்சளும் எண்ணெயும் வெள்ளை லினனில் எப்படிப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கை அளவுக்குப் பளீரென்று மஞ்சள். பக்கத்திலேயே சலவைக்காக வைத்திருந்த கட்டிச் சோப்பு இருந்தது. யோசிக்காமல் எடுத்துத் தேய்த்தேன். கறை போவதற்குப் பதில் கண்ணெதிரே இரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று பள்ளி ஆய்வகத்தில் நானே செய்து பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எந்தப் படிப்பும் ஞாபகம் வரவில்லை. அந்தப் பெண்மணியின் முகம் மட்டும்தான் கண்முன் வந்தது.

"அம்மா, ரத்தம் மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

"ஷ்! சத்தம் போடாதே. ரெண்டு கையையும் இதுமேல வச்சு மூடிக்கோ. யார் வந்தாலும் எடுக்காதே. சரியா?"

தலையாட்டினாள். என் மகள், நான் சொன்னால் அப்படியே கேட்பவள்.

முற்றத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். பிரபு கையசைத்து அவளை முன்னால் அழைத்தார். அவள் போய் நின்றாள், இரண்டு கையையும் வயிற்றின் மேல் இறுக்கிப் பொத்தியபடி. எல்லோரும் காத்திருந்தார்கள். வணங்க வேண்டுமானால் பாவாடையைப் பிடிக்க வேண்டும். பாவாடையைப் பிடிக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். அம்மா எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அவள் என்னைத் தேடிப் பார்த்தாள். உதடு திறந்தது, மூடியது. கூட்டத்தில் யாரோ அன்பாக, "பாவம், கூச்சம்" என்றார்கள்.

அவளுக்குக் கூச்சம் இல்லை. வாக்கியம் அவள் வாயில் தயாராக இருந்தது. அவள் கைகளைக் கட்டிப்போட்டவள் நான். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வாசலருகே நின்ற அந்தப் பெண்மணியிடம் ஓடினேன். கற்றிருந்த ஜெர்மனில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. சமையற்கட்டு வாசலில் நின்ற அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "அக்கா, சொல்லுங்க... முடிச்சு மறுபடி கட்ட வராதுன்னு ஏப்ரனைக் கழட்டாம ஊட்டி, சாப்பாட்டைக் கொட்டிட்டேன். சோப்புப் போட்டு இன்னும் கெடுத்துட்டேன். குழந்தை மேல தப்பில்ல, நான்தான் மறைக்கச் சொன்னேன்" என்றேன்.

அக்கா மொழிபெயர்த்தார். அந்தப் பெண்மணி என்னை ஒரு கணம் பார்த்தார். கோபமா இல்லையா என்றே தெரியாத முகம். பிறகு நேரே முற்றத்துக்குப் போய் மகளின் முன் மண்டியிட்டு, ஏதோ மெல்லக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தாள்.

சிவப்புக் கறையைப் பார்த்ததும் கூட்டம் ஒரு நொடி திடுக்கிட்டது. அந்தப் பெண்மணி எழுந்து நின்று, கணீரென்ற குரலில் ஏதோ அறிவித்தார். அக்கா என் காதருகே சொன்னார்: "இவ்வளவு வருசமும் சுத்தமான துணியை வைச்சுத்தான் கறை எடுக்கிறது எப்படியெண்டு காட்டினாவாம். இண்டைக்குத்தான் உண்மையான கறை கிடைச்சிருக்காம். எல்லாரையும் சலவைப் புல்வெளிக்கு வரட்டாம்."

என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பெண்மணி ஏப்ரனை அவிழ்த்து, சமையற்கட்டிலிருந்து ஒரு சட்டி புளித்த மோர்த்தண்ணீர் வரவழைத்தார். அந்தக் காலத்தில் லினன் துணிகளைப் புளித்த பாலில் ஊறவைப்பார்கள் என்று விளக்கியபடி, மகளின் கையில் கரண்டியைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். அவள் ஊற்ற ஊற்ற, சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளானது. குழந்தைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். பெரியவர்கள் கைதட்டினார்கள். பிறகு துணியை ஈரத்தோடு புல்லில் விரித்தார். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும் என்றார். நம் வீட்டில் மஞ்சள் கறைக்குச் செய்வதும் இதுதானே! அதை மட்டும் நான் அக்காவிடம் சொல்ல, அக்கா அவரிடம் சொல்ல, அவர் அன்று முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது ஒரு வயதான பார்வையாளர் குனிந்து, "இது என்ன கறை, குட்டி? பெயின்ட்டா?" என்று மகளிடம் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "சும்மா நில்லுங்கோ தங்கச்சி."

மகள் அந்தக் கறையைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, தெளிவான ஜெர்மனில் சொன்னாள்: "இல்லை. இது எலுமிச்சம் சாதம். என் அம்மா கொட்டிட்டாங்க."

கூட்டமே சிரித்தது. என் கணவர் கோடரியோடு ஓடி வந்து, "என்னடி, பேசினாளா? என்ன சொன்னா?" என்றார். "என் மானத்தை வாங்கினா" என்று சொல்லிவிட்டு நான் அழுதேன். அக்கா விடவில்லை: "என்னெண்டாலும் உங்கட ஆக்கள் சாதத்துக்கு இவ்வளவு மஞ்சள் போடப்படாது, சொல்லிப்போட்டன்."

மாலையில் கறை வெளிர் நிறமாகியிருந்தது. அடுத்த ஞாயிறு தேடிப் பார்த்தாலும் தெரியவில்லை. கறை பட்ட அன்று விடைபெறும்போது மன்னிப்புக் கேட்க அந்தப் பெண்மணியிடம் போனேன். மன்னிப்பை அவர் காதில் வாங்கவே இல்லை. ஏப்ரனின் முடிச்சை என் கையாலேயே மூன்று முறை அவிழ்த்துக் கட்டவைத்தார். மூன்றாவது முறை சரியாக வந்ததும் போகச் சொன்னார்.

அதற்குப் பிறகு மகள் பள்ளியில் மறுநாளே பேசிவிட்டாள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மெல்ல மெல்ல, குளிர்காலம் வருவதற்குள் பேசத் தொடங்கினாள். ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரின் பின் இருக்கையிலிருந்து அவள் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

"அம்மா, நான் கையை எடுத்துட்டேனே, பரவாயில்லையா?"

அந்தப் பெண்மணி வாரக்கணக்கில் உழைத்துச் செய்ததை நான் ஒரு நிமிடத்தில் கெடுத்தேன். அவர் அதை ஊரறியப் புல்லில் விரித்துக் காட்டி, என் குழந்தையை நிமிர வைத்தார். இன்றும் என் தப்பையோ அவள் தப்பையோ நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்று என் மனம் படபடக்கும்போதெல்லாம், நான் மூடச் சொன்னால் அவள் எதையெல்லாம் சேர்த்து மூடிக்கொள்வாள் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.