சுருங்கிப்போன கம்பளிக் கோட்டு

அக்கா பொம்மைகளை விற்றுவிட்டாளாம் என்று யாரோ சொன்னதாகச் சித்தி சொல்ல, வெளிநாட்டிலிருந்து பதறிப்போய் வீடியோவில் அழைத்தேன்.

"வித்தா எனக்குச் சோறு இறங்குமாடா?" என்று சிரித்தாள்.

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அக்கா, அந்தக் காலத்துப் பொம்மைகளையும் அவற்றின் பண்டிகை உடுப்புகளையும் சேர்ப்பவள். மியூசியத்தில் கண்காட்சிக்கு இரவலாகக் கேட்டிருந்த, பெரிய பொம்மையின் பழைய கம்பளிக் கோட்டை, அழுக்காக அனுப்பக் கூச்சப்பட்டு வெந்நீரில் அலசியிருக்கிறாள். சுருங்கிவிட்டது. பொம்மையின் கை நுழையவே இல்லை.

"சின்னப் பொம்மை இருக்காளே, அவளுக்குப் போட்டேன். அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு, பாரு! மியூசியத்துக்கு உள்ளதைச் சொல்லி, படமும் அனுப்பிட்டேன். இதையே வைப்பீங்களான்னு கேட்டிருக்கேன்."

அப்போது அவள் வீட்டுப் போன் அடித்தது.

"மியூசியமாத்தான் இருக்கும்டா. எடுக்கவா?"

"எடுக்கா!"

சின்னவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.